வாரண்டியில் வராதது

எங்கள் கம்பெனி பஸ் கவரைப்பேட்டையில் என்னை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போகிற வழியில், ஹைவேயின் இடது பக்கம் ஒரு கார் சர்வீஸ் சென்டர் இருக்கிறது. முன்னால் பளபளவென்று கண்ணாடி ஷோரூம், பக்கத்தில் கம்பி வேலி போட்ட பொட்டல். அடிபட்ட வண்டிகளை அந்தப் பொட்டலில் நிறுத்தி வைப்பார்கள். போன கோடை முழுக்க எங்கள் கார் அங்கே ரோட்டைப் பார்த்தபடி நின்றது. காலையில் போகும்போது டிரைவர் பக்கம் தெரியும். அந்தப் பக்கம் ஒரு கீறல்கூடக் கிடையாது, வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே வெள்ளையாக இருக்கும். சாயங்காலம் திரும்பி வரும்போது இன்னொரு பக்கம் தெரியும். அந்தப் பக்கம்தான் நைனா உட்கார்ந்திருந்தார்.

நைனா என்றால் எங்கள் அப்பா. ஆந்திரா எல்லை கிட்டே என்பதால் எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். வண்டியை ஓட்டியது என் அண்ணன். அண்ணன் பிழைத்தான், நைனா பிழைக்கவில்லை.

பஸ்ஸில் இனிமேல் ஜன்னல் பக்கம் உட்காரக் கூடாது என்று பலமுறை முடிவு செய்திருக்கிறேன். சீட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு வந்தாலும் அந்த இடம் வந்தால் கழுத்து தானாகத் திரும்பும். நைனாவின் கட்டம் போட்ட துண்டு நசுங்கிய கதவின் மேல் விளிம்பில் மாட்டிக்கொண்டு தொங்கியது. லாரி போகிற காற்றுக்கு அது எழும்பி எழும்பி விழும். சாயங்கால வெளிச்சத்தில் யாரோ ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் இருந்தவள் கேட்டால் தலைவலி என்பேன்.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே பேச்சு. வண்டியில் கோளாறு என்று கார் கம்பெனி ஒத்துக்கொள்ளுமா, மாட்டாதா. வெளியே கேட்கிறவர்களுக்கு இது வாரண்டி சண்டை. எங்களுக்கு அது அண்ணன் எங்களுக்கு மிஞ்சுவானா என்கிற கேள்வி. நைனாவைக் கொன்றது தான்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். இல்லை என்று நாங்கள் சொல்வது அவன் காதில் ஏறவில்லை. கோட்டும் டையும் போட்ட ஒருத்தன் சொன்னால் ஏறும் என்று அம்மா நம்பினாள்.

எங்கள் சொந்த ஊர் பழவேற்காட்டு ஏரிக் கரையில். நைனா ஏரியில் நண்டுக்கும் இறாலுக்கும் போனவர். அண்ணன் படகை விட்டுவிட்டு லோடு வண்டி ஓட்டினான். அவனைப் போல நிதானமாக ஓட்டுகிறவனை நான் பார்த்ததில்லை. நாய் குறுக்கே வந்தால் நிறுத்துவான். அது போன பிறகு அதன் பின்னால் இன்னொரு நாய் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பான். அவசரத்துக்கு அவன் வண்டியில் ஏறி நானே வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். தொழிற்சாலை ஆபீசர்களைக் கூட்டிப்போக ஒப்பந்தத்துக்கு விடலாம் என்றுதான் இந்தக் காரை வாங்கினான்.

வண்டி எடுத்த அன்றைக்கு ஷோரூமில் எங்களுக்கு நடந்த மரியாதை என் கல்யாணத்தில்கூட நடக்கவில்லை. ரிப்பன் கட்டிய கார், ஒரு கேக், முறம் அளவுக்கு அட்டையில் செய்த ஒரு சாவி. அந்தச் சாவியை நைனா கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். நைனாவுக்கு வேறு நல்ல போட்டோ இல்லாததால் அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கித்தான் பிறகு மாலை போட்டோம். படத்தின் கீழ் ஓரத்தில் அட்டைச் சாவியின் முனை இன்னும் தெரியும்.

வண்டியை விற்ற பையன் வாரண்டி, வாரண்டி என்று பேசிக்கொண்டே இருந்தான். நைனா நிறுத்திக் கேட்டார். "வாரண்டின்னா இன்னாபா?"

"நீங்க எதுக்கும் கவலப்பட வேணாம்னு அர்த்தம் சார். எதுனா ஆச்சுன்னா எல்லாம் நாங்க பாத்துக்குவோம்."

நைனா தலையை ஆட்டினார். அம்மா அந்தக் கடைசி வாக்கியத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். அது எனக்கு அப்போது தெரியாது.

அங்கிருந்து நேராகப் பெரியபாளையம் போனோம். பவானி அம்மனுக்கு முன்னால் வண்டிக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, வேப்பிலை கட்டினோம். அம்மன் படம் ஒன்றை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினோம். ஒட்டிய கையோடு அம்மா ஒரு சட்டம் போட்டாள். அம்மன் உட்கார்ந்திருக்கிற இடத்தில் யாரும் செருப்புக் காலோடு ஏறக் கூடாது. ஓட்டுகிறவனும்தான். அண்ணன் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு ஓட்டிப் பழகிக்கொண்டான்.

அடுத்த பிரச்சினை மணல். எங்கள் ஊரில் மணல் ஒட்டாத கால் கிடையாது. ஈர மணலும் உப்புத் தண்ணீரும் பட்டால் புது வண்டியின் தரை என்னாகும் என்று அம்மாவுக்கு ஒரே கவலை. சீட்டில் கம்பெனி போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையையே அவள் கிழிக்க விடவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டில் கிடந்த பழைய நண்டு வலையை எடுத்து, வண்டிக்குள் கால் வைக்கிற இடத்தில் இருந்த ரப்பர் மேட் மேலே விரித்துவிட்டால், காலில் இருக்கிற மணல் வலைக் கண் வழியாகக் கீழே இறங்கிவிடும். சாயங்காலம் வலையையும் ரப்பர் மேட்டையும் தூக்கி உதறினால் வண்டி சுத்தம்.

வாசலில் எல்லோரும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்தோம். நைனா கத்தியால் அளவாக அறுத்துக் கொடுத்தார். ஒரு முனையை அண்ணன் பிடித்துக்கொள்ள, அம்மா மறுமுனையைக் கொண்டுவந்து இரண்டாக மடித்தாள். நழுவக் கூடாது என்று சீட்டின் காலுக்கு அடியில் ஓரங்களை இறுக்கிச் செருகினாள். "கம்பெனிக்காரனுக்கு இது தோணல பாரு" என்று நைனா சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் இந்த மாதிரி ஒரு யோசனை சொன்னால் பரிசு கொடுத்துப் பலகையில் போட்டோ ஒட்டுவார்கள்.

நைனாவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. பொன்னேரியில் காட்டலாம் என்று ஒரு நாள் அண்ணன் கூட்டிப் போனான். நல்ல வெயில் நேரம். வழியில் ஒரு மதகு மேல் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் நின்றுவிட்டது. அண்ணன் அதைத் தூரத்திலேயே பார்த்திருக்கிறான். அதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். தூரத்திலேயே பார்த்தேன், நிறுத்த வேண்டிய இடமும் தெரிந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. கடைசியில் ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறான். அவன் பக்கம் தப்பித்து, டிரெய்லரின் மூலை நைனா பக்கம் இறங்கியது. வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து அண்ணனை இழுத்து வெளியே போட்டார்கள். அவனுக்கு நெஞ்சில் ஊமைக் காயம், வலது கால் சுண்டு விரலில் ஒரு வெட்டு. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' அவனைத் தின்றுவிட்டது.

போலீசிடம் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னான். ஆஸ்பத்திரியில் எங்களிடம் வேறு மாதிரி சொன்னான்.

"கால் வரல. பிரேக்குக்குத் தூக்கறேன், கால் வரல. யாரோ கீழ இருந்து புடிச்சிக்கினாங்க."

அம்மா அவன் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு துடைத்தாள்.

ஊரில் இந்தப் பேச்சு பரவ நேரமாகவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளாளுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து அந்த மதகில் உட்கார வைத்தார்கள். ஒருத்தி கணவனோடு சண்டை போட்டு அங்கே விழுந்து செத்தவளாம். இன்னொருத்தி தலைச்சுமையோடு வரும்போது லாரியில் அடிபட்டவளாம். எந்த வருஷம், எந்த ஊர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. செத்துப்போன மனிதரின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு காபியும் குடித்துவிட்டு இப்படிப் பேசுகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது நான் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் காலை உள்ளே வைத்தேன்.

இந்தப் பேச்செல்லாம் காதில் விழுந்த பிறகு அண்ணனால் தண்ணீர் பக்கத்தில் இருக்க முடியவில்லை. அதனால் காரியம் முடிந்ததும் அம்மாவும் அவனும் கவரைப்பேட்டையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கால் கீழே தொங்கக் கூடாது. தரையில் நடந்தால் நாலு எட்டில் ஓடிப்போய் மறுபடி ஏறிக்கொள்வான். ஆஸ்பத்திரியில் அம்மாவைக் காலைத் தொட விட்டவன், வீட்டுக்கு வந்த பிறகு அவளையும் விடவில்லை. கை பக்கத்தில் வந்தாலே வெடுக்கென்று இழுத்துக்கொள்வான். சாப்பாடு வைத்தால் பாதிதான் இறங்கும். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சில நாள் நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் மெல்லிய குரலில் கேட்பான்.

"கட்டிலுக்குக் கீழ யார்னா கீறாங்களா பாரு."

முதலில் திட்டினேன். பிறகு குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். தொழிற்சாலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது நானும் காலைத் தூக்கிக் கம்பியில் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். தோழி ஒருத்தி சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் அம்மா சர்வீஸ் சென்டருக்குப் போக ஆரம்பித்தாள். என் விடுமுறை நாளில் நானும் கூடப் போவேன். அங்கே வாடிக்கையாளர்களைக் கவனிக்கிற தம்பி ஒருவன் இருந்தான். நல்ல பையன். எங்களைப் பார்த்தால் எழுந்து நிற்பான், தண்ணீர் கொண்டுவந்து வைப்பான். அவனிடம் கோபப்படுவது கஷ்டமாக இருந்தது. அம்மாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

"எதுனா ஆச்சுன்னா நாங்க பாத்துக்குவோம்னு சொன்னீங்க இல்ல? ஆயிடுச்சு. பாருங்க."

"அம்மா, இன்சூரன்ஸ்ல எல்லாம் வந்துரும்மா. வாரண்டின்றது வேற. வண்டி செய்யும்போதே குறை இருந்தாத்தான் அது வாரண்டி. வெளிய இடிச்சுட்டா ஆக்சிடென்ட் டேமேஜ். அது வாரண்டில வராது."

"டப்பு யாரு கேட்டா? ஒரு பைசா வேணாம். வண்டியில கோளாறுன்னு சொல்லு. எம் புள்ளைக்கு எதுர்ல வந்து சொல்லு."

"எப்டிமா சொல்றது? இடிச்ச வண்டிம்மா அது."

"இடிச்சதுக்கு அப்பால உடஞ்சத நான் கேக்கல. இடிக்கறதுக்கு முன்னாடி இன்னா ஆச்சு, அத்த கேக்கறேன்."

அந்தத் தம்பி தண்ணீர் டம்ளரை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தான். என் சங்கடம் வேறு. நான் வேலை செய்வது காருக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில், தரம் பார்க்கிற பிரிவில். விற்ற பாகம் கெட்டுப்போய்த் திரும்பி வந்தால் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். எங்கள் குறையா, வாங்கினவன் கையாண்ட குறையா என்று நான்தான் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சொன்னால் மேலே இருக்கிறவர்களுக்குச் சந்தோஷம். நான் பொய் சொன்னதில்லை. ஆனால் சந்தேகம் வருகிற இடத்தில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும். செய்தவனே தராசையும் பிடித்தால் அப்படித்தான் சாயும். அதனால்தான் அம்மா பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் காக்களூரில் லேத் பட்டறையில் இருக்கிறார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு அளவு உண்டு. "காபி கப்பு கை தவறி வுழுந்து உடஞ்சா கப்பு செஞ்சவனையா போய்க் கேப்ப? கார் இடிச்சதுக்கெல்லாம் கம்பெனி குடுக்கணும்னா எவன் பாத்து ஓட்டுவான்?" என்றார்.

"கப்போட காது பிச்சிக்கினு வுழுந்தா கேப்பேன்" என்றேன்.

"காது பிச்சிக்கிச்சா, கை நழுவிச்சான்னு எப்டித் தெரியும்? ரெண்டும் கீழ சில்லு சில்லாத்தான் கெடக்கும்."

அவர் சொன்னது சரிதான். அதற்காக நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. விபத்தில் உடைந்த எல்லாவற்றுக்கும் செய்தவன் பொறுப்பேற்க வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. அது நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் 'விபத்து' என்று பெயர் வைத்துவிட்டால், அதற்கு முன்னால் நடந்ததைத் தேட யாருக்கும் அவசியம் இல்லாமல் போகிறது. அந்தப் பெயருக்குள் ஒருத்தன் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதுதான் என் ஆத்திரம்.

அம்மாவின் தொல்லை தாங்காமல் கம்பெனியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். எங்களையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். அவர் டிரைவர் பக்கம் கிடந்த எல்லாவற்றையும் அள்ளிப் பின் சீட்டில் போட்டுவிட்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே படுத்துப் பார்த்தார். வண்டியைத் தூக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டு பிரேக்கை அழுத்திக் காட்டினார். சக்கரம் உடனே நின்றது. மறுபடி சுற்றவிட்டு என்னையே அழுத்தச் சொன்னார். நானும் அழுத்தினேன். நின்றது. நைனா உட்கார்ந்த சீட் பக்கத்தில் இருந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிரேக் நல்லா இருக்கும்மா. ஆக்சிலேட்டரும் நல்லா இருக்கு. எதுலயும் குறை இல்ல" என்றார். குரலில் கர்வம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

அம்மா எதிர்த்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. திறந்திருந்த கதவு வழியாகப் பின் சீட்டில் கிடந்த குப்பையைப் பார்த்தபடியே நின்றாள். வெயில் தாங்காமல் நிற்கிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

அதோடு விட்டுவிடுவாள் என்று இருந்தேன். அடுத்த வாரம் முன்னைவிட உக்கிரமாகப் போனாள். வேறு ஆளைக் கூப்பிடு, பெரிய ஆபீசரைக் கூப்பிடு, ஒத்துக்கொள்கிற வரைக்கும் நகர மாட்டேன் என்று ஷோரூமில் புது வண்டி வாங்க வந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். கேக் வெட்டிக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. அம்மா அந்தத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒத்துக்கயேன்பா. உனுக்கு இன்னா கொறஞ்சு பூடும்? ஒத்துக்கயேன்" என்று கெஞ்சினாள். என் அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. மீன் ஏலத்தில் ஆண்களை வாய் மூட வைத்தவள் அவள். எனக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

கொஞ்ச நாளில் அந்தத் தம்பி எனக்குப் போன் செய்தான். இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது, வண்டியைப் பழைய இரும்புக்கு எடுத்துப்போக ஆள் வருகிறார்கள், உள்ளே சாமான் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றான். அம்மாவிடம் சொல்லாமல் காலை ஷிப்ட் முடிந்து மதியம் நானே போனேன்.

முதலில் துண்டை எடுத்தேன். வெயிலில் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன், தூசி வாசனைதான் வந்தது. அங்கேயே நின்று அழுதேன். அழுது முடித்துவிட்டு அம்மன் படத்தைப் பிரித்து எடுத்தேன், சீட்டுக்கு அடியிலிருந்து அண்ணனின் செருப்பை எடுத்தேன். பின் சீட்டில் அந்த நிபுணர் அள்ளிப் போட்டது அப்படியே கிடந்தது. ரப்பர் மேட், ஒரு தண்ணீர் பாட்டில், நாங்கள் மடித்துப் போட்ட நண்டு வலை. மீனவர் வீட்டு வண்டியில் வலை கிடந்தால் யாருக்கு என்ன தோன்றும். அவருக்குத் தோன்றாதது நியாயம்தான்.

மடித்து எடுத்துக்கொள்ளலாம் என்று வலையை விரித்தேன். எல்லாக் கண்ணும் சதுரமாக இருந்தன. ஒரே ஒரு கண் மட்டும் இழுபட்டு நீண்டு, நூல் முறுக்கேறிக் கிடந்தது. அதன் ஓரத்தில் கருப்பாகக் காய்ந்த கறை இருந்தது. அதே வரிசையில், சீட்டுக் காலுக்கு அடியில் செருகியிருந்த ஓரம் பாதி கிழிந்திருந்தது.

அண்ணனின் சுண்டு விரல் ஞாபகம் வந்தது. சுற்றிலும் மெல்லிய கோடு போட்ட வெட்டு. வலை அறுத்த கோடு. ஏரிக் கரையில் பிறந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும், என் கை விரலிலும் சின்ன வயதில் பட்டது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதற்கு முன்னால் நானும் அதைப் பார்த்திருந்தேன், அப்போது எதுவும் தோன்றவில்லை. வெறுங்கால், வலைக் கண், சிக்கிய விரல், பிரேக்குக்கு நகராத கால். யாரோ கீழே இருந்து பிடித்துக்கொண்டார்கள் என்று அவன் சொன்னது உண்மை. எந்த மதகிலும் எந்தப் பெண்ணும் இல்லை.

கம்பெனி மேலும் தப்பு இல்லை, அண்ணன் மேலும் இல்லை. மிச்சம் இருப்பது யார் என்று நினைக்கவே மனசு வரவில்லை. அண்ணனிடம் இதைக் காட்டினால் அவன் எழுந்துவிடுவான். அம்மா விழுந்துவிடுவாள். புருஷனைக் கொன்றது தான் விரித்த வலை என்று தெரிந்தால் அவள் எத்தனை நாள் உயிரோடு இருப்பாள். ஒருத்தரைக் காப்பாற்ற இன்னொருத்தரைக் கொடு என்று யாரோ கேட்கிற மாதிரி இருந்தது. வலையைச் சுருட்டிக் கட்டைப் பையின் அடியில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடினேன். போகிற வழியில் எங்காவது எறிந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஷேர் ஆட்டோவில் வரும்போது பார்த்த ஒவ்வொரு குட்டையும் குப்பைமேடும் தாண்டிப் போயிற்று, என் கை பையைத் திறக்கவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"வண்டிகிட்ட போய் வந்தியா?"

"நைனா துண்டு. அதான் எடுத்தாந்தேன்" என்றேன்.

"கீழ இன்னா கீது?"

அம்மா பையை வாங்கி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கையை உள்ளே விட்டு வலையை வெளியே எடுத்தாள். விரித்துப் பார்க்கவே இல்லை. விரல்களால் தடவிக்கொண்டே போய் அந்த நீண்ட கண்ணில் நின்றாள். வாழ்நாள் முழுக்க வலை சிக்கெடுத்த கை அது.

"ஆஸ்பத்திரில கால் தொடச்சப்பவே கோட்டப் பாத்துட்டேன்" என்றாள். "வேற எதுனாவா இருக்கட்டும், வேற எதுனாவா இருக்கட்டும்னு இருந்தேன். அன்னிக்கு அந்த ஆளு பின்னாடி அள்ளிப் போட்டான் பாரு, அப்பதான் கண்ணால பாத்தேன்."

"தெரிஞ்சுக்கினேதான் அவங்களோட சண்ட போட்டியாம்மா?"

"அவங்க ஒத்துக்கினா அவன் எழுந்துப்பான். நானும் இத்த சொல்ல வேணாம்."

இத்தனை நாள் ஷோரூம் தரையில் உட்கார்ந்து அவள் கேட்டது அதைத்தான். எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னவர்களிடம், இதையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அது எந்த வாரண்டியிலும் வராது.

நான் வலையைப் பிடுங்கப் போனேன். அடுப்பில் போட்டுவிடலாம், வேண்டாம் அம்மா, அவனுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். அவள் என் கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

அண்ணன் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். அம்மா கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவன் காலை நோக்கிக் கையை நீட்டினாள். அவன் வழக்கம்போல் இழுத்துக்கொண்டான். அவள் வலையை அவன் மடியில் போட்டாள்.

"பாருடா. அந்தக் கண்ணப் பாரு. உன் வெரலப் பாரு."

அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். வலையைத் திருப்பினான், கறையைப் பார்த்தான், தன் விரலைத் தொட்டுப் பார்த்தான். அவன் மூச்சு மாறுவது எனக்குக் கேட்டது.

"உங் காலப் புடிச்சது பேயும் இல்ல, பிசாசும் இல்ல" என்றாள் அம்மா. "நாந்தாண்டா. மணலு ஒட்டுமேன்னு நாந்தான் விரிச்சேன். நழுவக் கூடாதுன்னு நாந்தான் செருவுனேன். உம்மேல ஒண்ணும் இல்ல. உங்க நைனாவ நாந்தான்..."

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவன் என்ன சொன்னாலும் அவள் செத்துவிடுவாள் என்று தோன்றியது. எதுவுமே சொல்லாமல் இருந்தாலும் செத்துவிடுவாள் என்று தோன்றியது.

அண்ணன் வலையை நீவி, ஓரத்தைத் தேடி எடுத்தான். நைனாவின் கத்தி நேராக அறுத்த ஓரம் அது.

"அறுத்துக் குடுத்தது நைனா" என்றான். மாதக்கணக்கில் அவன் குரல் அவ்வளவு தெளிவாக வரவில்லை. "இந்த மொனைய நான் புடிச்சிக்கினு இருந்தேன். மறந்துட்டியா? இவளும் நின்னு சிரிச்சிக்கினுதான் இருந்தா. நீ மட்டுமா பண்ண?"

அம்மா நிமிரவில்லை. அவன் காலை மெதுவாகப் பிரித்தான். முதலில் இடது கால், பிறகு வலது கால். இரண்டையும் கட்டிலிலிருந்து இறக்கி, அவள் பக்கத்தில் தரையில் ஊன்றி வைத்தான். அம்மா அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, சுண்டு விரலின் மேல் நெற்றியை வைத்து அழுதாள். நைனா போன பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.